நான்கு பி.டெக்.கும் ஒரு பாய்லரும்

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் இந்த வேலையைச் செய்தவள் நான். சரியான ஆளை எடுத்ததற்காக ஒருவர்கூட என்னைப் பாராட்டியதில்லை. நல்ல ஆள் வந்து உட்கார்ந்த மறுநாளே, அவரைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று நாலு மேலாளர்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தப்பான ஆள் வந்தால் மட்டும் ‘அது மேடம் எடுத்த ஆள்’ என்பார்கள். இந்த மரியாதைக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘மேடம், டிகிரிக்கு மதிப்பா, மூன்று மாத சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பா?’ இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்லத் தெரியும்.

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் பர்சனல் மேனேஜராக இருந்தேன். வீடு ஹப்சிகுடாவில். என் கணவருக்கு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை என்பதால் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தோம். ஊரின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் ஜன்னல் வழியாக நான் படித்த ஒரே இலக்கியம் சுவரொட்டிகள்தான். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. மின்கம்பம், பஸ் நிறுத்தம், இளநீர் வண்டியின் பின்பக்கம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் ‘முப்பது நாளில் ஜாவா’ என்று ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘இருபது நாளில் ஜாவா’ என்று இன்னொருவர் ஒட்டியிருப்பார். பத்து நாளில் சொல்லித் தருகிறவரை நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்திருப்பேன். அவர் கடைசிவரை வரவில்லை.

அன்றைக்கு ஹைதராபாத்தில் ஒவ்வொரு பையனிடமும் இரண்டு தாள் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட ஒரு பட்டம். வேலைக்குப் போக, தெருவெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் அமீர்பேட்டையில் வாங்கிய ஒரு சான்றிதழ். நாலு வருடம் படித்தது எதற்கு என்று கேட்டால் அந்த மூன்று மாத வகுப்பில் சேருவதற்கு என்று கூச்சப்படாமல் சொல்வார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சின்ன முதலாளி அமெரிக்காவில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். பெரியவர் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சின்னவர் கெட்டவர் இல்லை. எதையும் திரையில் போட்டுக் காட்டினால்தான் அவருக்குப் புரியும், அவ்வளவுதான். முதல் கூட்டத்திலேயே ஒரு படம் போட்டார். அதில் ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் ‘நூறு சதவீதம் பட்டதாரிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும்போது இந்தப் படத்தைத்தான் முதலில் காட்டப் போகிறேன்” என்றார். “தொழில்நுட்ப வேலையில் இருக்கிற எல்லோரும் பட்டதாரிகள். டிகிரி இல்லாதவர்களின் பட்டியல் எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.”

வியாழக்கிழமையே கொடுத்தேன். அதுதான் நான்.

எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. ஊழியர் விவரப் படிவத்தை வடிவமைத்தவள் நானே. அதில் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு பெரிய கட்டம். அதற்குக் கீழே ‘பிற’ என்று ஒரு சின்னக் கட்டம். தட்டெழுத்து, டிரைவிங் லைசென்ஸ், யோகா முகாம், இந்தி பிராத்மிக் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போகும். நான் பெரிய கட்டத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டேன். அதில் பாதிப் பேரை ஒப்பந்தக்காரரின் கணக்குக்கு மாற்றினோம். சிலருக்கு வேறு வேலை கொடுத்தோம். வாங்கிய சம்பளத்துக்கு எதிலும் பொருத்த முடியாமல் ஒருவர் மிஞ்சினார். அந்தோணிராஜ், பாய்லர் ஆபரேட்டர், எட்டாம் வகுப்பு.

பாய்லர் என்றால் நீராவி தயாரிக்கிற கொதிகலன். எங்கள் தொழிற்சாலையில் சூடாக்குவது, காய வைப்பது எல்லாமே அந்த நீராவியில்தான். அந்தோணியின் ‘பிற’ கட்டத்தில் ‘முதல் வகுப்பு பாய்லர் அட்டெண்டண்ட் சான்றிதழ்’ என்று எழுதியிருந்தது. யோகா முகாம் எழுதுகிற இடத்தில்!

அவருடையது செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி உருது இருக்கும், மீதியில் தெலுங்கு இருக்கும். ‘ஆமாம்’ என்பது ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பது ‘நக்கோ’, ‘ஏன்’ என்பது ‘கைக்கு’ ஆகிவிடும். வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தைக் கொடுக்க அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், நான் எனக்காகச் சொல்றேன்னு நெனைக்காதீங்க” என்றார். “சர்டிஃபிகேட் ஆளு பக்கத்துல இல்லாம பாய்லர ஓட்டக் கூடாது. சட்டம் இருக்கு. செகண்ட் ஷிஃப்ட் பாத்த பையனும் போன மாசமே நாச்சாரத்துல நல்ல எடம் கெடச்சு போயிட்டான். நானும் போனா யாரு இருக்கா?”

“நாலு மெக்கானிக்கல் இன்ஜினியர் எடுத்திருக்கோம் அந்தோணி. நாலும் பி.டெக்.”

“ஹவ், பி.டெக்தான். அது வேற காயிதம் மேடம், இது வேற காயிதம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை போகிற மனிதர் ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தொங்கத்தானே செய்வார் என்று நினைத்தேன். சந்தேகத்துக்காவது யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கவேண்டிய பராமரிப்புத் துறைத் தலைவரே இரண்டு மாதத்துக்கு முன்பு மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் வகுப்பு படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். ‘இப்பதவிக்குரிய குறைந்தபட்சத் தகுதி தங்களுக்கு இல்லாத காரணத்தால்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தின் நடையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான்கு பி.டெக்.கும் வந்தார்கள். மூன்று பேர் ஆந்திரப் பையன்கள். நான்காமவன் கார்த்திக், ஈரோட்டுக்காரன். மரியாதையான பிள்ளை. மூன்றாம் நாளே என் அறை வாசலில் வந்து நின்றான்.

“ஏனுங்க மேடம், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் எத்தன மாசத்துலங்க குடுப்பீங்க?”

“வந்தே மூணு நாள்தானேப்பா ஆச்சு?”

“இல்லீங்க, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுங்க.”

பாய்லர் அறையில் வெதுவெதுப்பாக, தொந்தரவு இல்லாமல் படிக்க நல்ல வசதி. நான்கு பேரும் ஷிஃப்டுக்கு இருவராக அங்கே உட்கார்ந்து ஜாவா படித்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அமீர்பேட்டைக்கு ஓடினார்கள். பாய்லரை உண்மையில் பார்த்துக்கொண்டது அந்தோணிக்குக் கீழே கரி தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி. அவரிடம் டிகிரியும் இல்லை, சர்டிஃபிகேட்டும் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் அவர் எங்கள் வட்டத்துக்குள் வரமாட்டார், சதவீதமும் குறையாது.

யோசித்துப் பாருங்கள். சான்றிதழ் வைத்திருந்தவரைப் பட்டம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினேன். அந்த இடத்துக்கு வந்த பட்டதாரிகளோ ஒரு சான்றிதழுக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். இது என் கண்முன்னால் தினமும் நடந்தது. எனக்கு உறைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. ஒல்லியான மனிதர், கையில் ஒரு ரெக்சின் பை. நேராக பாய்லர் அறைக்குப் போய், “சர்டிஃபிகேட் உள்ளவர் யார்?” என்று தெலுங்கில் கேட்டார். கார்த்திக் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, தான் பி.டெக். முதல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறான். “சந்தோஷம் தம்பி. நான் கேட்டது அதை இல்லை” என்றாராம் அவர்.

செய்தி வந்ததும் சின்ன முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். அடுத்த வாரம் வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு உலர்கலத்தில் இருந்தது. நீராவி நின்றால் ஒரு நாள் தாங்கும். அதற்குமேல் மொத்தமும் வீண் என்று உற்பத்தி மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“பழைய ஆபரேட்டரின் சர்டிஃபிகேட் நகல் உங்கள் ஃபைலில் இருக்கிறதல்லவா?” என்றார் சின்னவர். “அவர் இன்றைக்கு விடுப்பில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.”

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? நெருக்கடியில் மனிதருக்குத் தைரியம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது நல்ல கையெழுத்து. கம்பெனி தாளில் ‘எங்கள் ஊழியர் திரு. அந்தோணிராஜ் விடுப்பில் உள்ளார்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். “அவர் விடுப்பில் இருக்கிறார். சரி. அப்படியானால் பாய்லர் ஏன் வேலை பார்க்கிறது? அதற்கும் விடுப்புக் கொடுங்கள்” என்றார். தன் எதிரிலேயே நெருப்பை அணைக்கச் சொன்னார். என் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நாளைக் காலை பத்து மணிக்கு வருவேன். அவர் அசல் சான்றிதழோடு இங்கே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே எழுதுவேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் கம்பெனி காரில் செகந்திராபாத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கதவைத் திறந்தது அந்தோணியின் மகள், பி.காம். கடைசி வருடம். நான் தமிழில் பெயரைச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

“தெரியும். அந்த லெட்டரில் உங்கள் கையெழுத்துதான் இருந்தது.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தோணி வந்து உட்கார்ந்தார். நாற்பது நாளில் ஆள் இளைத்திருந்தார். ஐம்பத்து நாலு வயதுக்காரரை எங்கேயும் எடுக்கவில்லை. “நாச்சாரத்துல போய்க் கேட்டேன். சர்டிஃபிகேட்ட பாத்ததும் உக்காருன்னாங்க, வயச பாத்ததும் எந்திரின்னாங்க” என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். விடுப்பு என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“நான் லீவே கேக்கலியே மேடம். நாப்பது நாளு லீவா?”

“தப்புதான் அந்தோணி. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் கேக்கல.”

“நக்கோ மேடம், அதெல்லாம் விடுங்க. நாளைக்கு வரேன். சரக்கு கெட்டா அங்க வேல பாக்கறவனுங்க வயித்துலதான் அடிக்கும்.” நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஆனா ஒண்ணு. எனக்கு இங்லீஷ் படிக்க வராது. அந்த லெட்டர எம் பொண்ணுதான் படிச்சு சொல்லிச்சு. எனக்கு தகுதி இல்லன்னு எம் பொண்ணு வாயால கேட்டேன் மேடம். அதே மாரி தாள்ல, அதே இங்லீஷ்ல, அத மாத்தி எழுதிக் குடுங்க. மொதலாளி கையெழுத்தும் போடணும்.”

தருகிறேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர் வந்துவிட்டார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக பாய்லரிடம் போய் அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத் துடைத்துவிட்டு, கார்த்திக்கைக் கூப்பிட்டு, “கைக்கு இத இவ்ளோ அழுக்கா வெச்சிருக்க? இதுல தண்ணி தெரியலன்னா நீ படிச்ச புக்குல ஒண்ணும் தெரியாது” என்றார். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பிளாஸ்டிக் உறையில் இருந்த அசல் சான்றிதழைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், தலையசைத்தார். பதினொன்றரைக்கு நீராவி வந்தது. சரக்கு பிழைத்தது.

நான் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியிடம் போனேன். அவர் படித்தார்.

“இது எதற்கு? அவர்தான் வந்துவிட்டாரே. வேலையும் நடக்கிறது.”

“வாக்குக் கொடுத்திருக்கிறேன் சார்.”

“நீங்கள் கொடுத்தீர்கள். நான் கொடுக்கவில்லையே. இப்போதைக்கு ஒப்பந்தக்காரர் மூலமாக எடுத்துக்கொள்ளலாம். வட்டமும் கெடாது.”

பிள்ளைகளே, நான் வீராங்கனை இல்லை. வீட்டுக் கடன் இருந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. என் வேலையும் எந்த நிமிடமும் ‘பிற’ கட்டத்துக்குப் போய்விடலாம் என்பதும் தெரியும். ஆனால் முந்தின நாள் அந்தப் பெண் எனக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டது கண்ணை விட்டுப் போகவில்லை. அவமானமாக இருந்தது. அந்த அவமானம்தான் பேசியது என்று நினைக்கிறேன்.

“சார், அவர் நம் ஊழியர், விடுப்பில் இருக்கிறார் என்று நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தாள் இன்ஸ்பெக்டர் பையில் இருக்கிறது. விடுப்பு முடிந்து வந்தவரை ஒப்பந்தக்காரரிடம் அனுப்ப முடியாது. அனுப்பினால் நான் இன்றைக்கே போய், நேற்று எழுதியது பொய், இப்படி எழுதச் சொன்னது இன்னார் என்று எழுதிக் கொடுக்கவேண்டி வரும். என் வேலை போகும், தெரியும். அடுத்த வாரம் வாடிக்கையாளர் வருகிறார், அதுவும் தெரியும்.”

அவர் அமெரிக்காவில் இதற்கு ஏதாவது பாடம் நடத்தியிருப்பார்களா என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு கடிதத்தின் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இந்த வரி கொஞ்சம் அதிகமில்லையா?”

அந்த வரி இதுதான்: ‘எங்கள் நிறுவனத்தில் கொதிகலனை இயக்கும் தகுதி இவர் ஒருவருக்கே உண்டு, கீழே கையெழுத்திடும் எங்கள் இருவருக்கும் அது இல்லை.’

“உண்மைதானே சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் வாடிக்கையாளருக்குக் காட்டிய படத்தில் வட்டம் அப்படியே இருந்தது. உள்ளே மட்டும் ‘நூறு சதவீதம் தகுதியுடையவர்கள்’ என்று மாற்றியிருந்தார்கள். இரண்டாம் ஷிஃப்டுக்கு ‘பாய்லர் சான்றிதழ் அவசியம்’ என்று நானே விளம்பரம் கொடுத்தேன். கார்த்திக் ஜாவாவை முடித்துக்கொண்டு மூன்று மாதத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனான். அங்கே அவன் என்ன படித்தான் என்று யாரும் கேட்கவில்லையாம். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் அறுபது சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்களாம். அவர்களும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள், அதிலும் ஒரு பெரிய கட்டம் இருக்கும்.

அதற்காக சர்டிஃபிகேட் என்றாலே கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ஆரம்பித்த வகுப்புக்கு அன்று மாலையே தங்க எழுத்தில் சான்றிதழ் வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தாள் கனமாக இருந்தது, ஆள்தான் இல்லை. பட்டம் வாங்கிய அருமையான ஆட்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தாள் வைத்திருக்கிறவர் நாளைக்கு வராவிட்டால் எது நிற்கும்? அந்தக் கேள்வியை நான் நாற்பது நாள் தாமதமாகக் கேட்டேன்.

சின்னவர் கையெழுத்துப் போட்ட அன்று சாப்பாட்டு வேளையில் அந்தோணியைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். தமிழில் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கி, நாலாக மடித்து, சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். என் மேசைத் தொலைபேசியைப் பார்த்து, “ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்?” என்று கேட்டார்.

மகள்தான் எடுத்திருக்க வேண்டும்.

“பாப்பா, சாயந்திரம் ஒரு லெட்டர் கொண்டாரேன். நீதான் படிக்கணும். ஹவ், இங்லீஷ்தான். அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போது படி.” பிளாஸ்டிக் உறையைக் கையால் நீவினார். “போன தடவ நீ பாதியிலயே நிறுத்திட்டு உள்ள போயிட்ட. இத முழுசா படிக்கணும்.”